உறங்கும் கணினியில் விழித்திருப்பது யார்?

கல்முனை பஸாரில் ஒரு கொமியூனிகேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மூடி கவிழ்ந்த ஒரு மடிகணினி, அதன் மேல் ஒரு கடதாசிக் கட்டு, முன்னால் பெரிய திரை, மேசையில் வயரில்லா விசைப்பலகை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் மடிகணினியின் சொந்த விசைகளைத் தின்றுவிட்ட பிறகு வந்த ஏற்பாடு இது. லுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்திவிட்டு வரும்போது கணினி உறங்கியிருக்கிறது. பரீட்சைத் தாள் அச்சிட வந்த ஆசிரியர் நிற்கிறார். கடைக்காரர் ஒரு விசையைத் தட்டுகிறார். திரை கறுப்பாகவே இருக்கிறது. இன்னும் இரண்டு தட்டு. கடைசியில் கடதாசிக் கட்டை இறக்கி, மூடியைத் திறந்து, பவர் பொத்தானை அமுக்குகிறார். "கீபோர்ட் பெட்டரி முடிஞ்சிருக்கும், சேர்" என்கிறார்.

பெட்டரி பெரும்பாலும் முடிந்திருக்காது. கணினி எழுந்த மறுகணமே அதே விசைப்பலகை அதே பெட்டரியில் ஒழுங்காக வேலை செய்கிறதே! அப்படியானால் கோளாறு எங்கே?

இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் விடை பிடிபடும். விசையைத் தட்டியும் கணினி எழாதது பெரிய ஆச்சரியமில்லை. சில கணினிகள் எழுகின்றனவே, அதுதான் ஆச்சரியம். உறங்கும் கணினியின் செயலிக்கு மின்சாரமே போவதில்லை. விண்டோஸ் இயங்கவில்லை. எந்த விசை அமுக்கப்பட்டது என்று படித்துப் புரிந்துகொள்ளும் மென்பொருள் எதுவும் அந்தக் கணத்தில் ஓடவில்லை. பிறகு அந்தத் தட்டலைக் கேட்டது யார்?

உறக்கத்தின் படிகள்

1992 முதல் புழக்கத்தில் இருந்த ஏபிஎம் என்ற முறையில், கணினியை உறங்கவைப்பதும் எழுப்புவதும் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் வேலையாக இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டன. முடிவெடுக்கும் பொறுப்பு அதன் மூலம் இயங்குதளத்தின் கைக்கு வந்தது. உறக்கத்தை அது படிகளாகப் பிரித்தது. எஸ்0 என்றால் முழு விழிப்பு. எஸ்5 என்றால் அணைத்துவிட்ட நிலை. இடையில் நமக்கு முக்கியமானவை இரண்டு: எஸ்3, எஸ்4.

எஸ்3 நிலையில் செயலி, திரை, வட்டு, விசிறி எல்லாம் அணைந்துவிடும். நினைவகத்துக்கு மின்சாரம் தொடரும். அது தொடர்ந்தே ஆக வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின் வழிவந்த நினைவகச் சில்லுகளில், ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் தங்கியிருக்கும் மின்னேற்றம். அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமான வெப்பநிலையில் 64 மில்லி செக்கனுக்கு ஒருமுறை அத்தனை பிட்டுகளையும் வாசித்துத் திரும்ப எழுதாவிட்டால் நீங்கள் தட்டச்சு செய்து பாதியில் விட்ட கடிதம் கரைந்து போய்விடும். உறக்கத்தில் நினைவகச் சில்லு இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

எஸ்4 நிலையில் நினைவகத்தில் உள்ளதெல்லாம் வட்டுக்குப் படியெடுக்கப்பட்டு, நினைவகத்தின் மின்சாரமும் நிறுத்தப்படும். இது எஸ்3 உறக்கத்தைவிட ஆழமானது. பல மடிகணினிகள் சில மணி நேரம் எஸ்3 நிலையில் கிடந்துவிட்டுத் தாமாகவே எஸ்4 நிலைக்கு இறங்கும். காலையில் எழுந்த கணினி பின்னேரம் ஏன் எழவில்லை என்ற புதிருக்கு இது பல சமயம் விடையாகிவிடுகிறது. எஸ்4 நிலைக்குப் போய்விட்ட மடிகணினி பெரும்பாலும் பவர் பொத்தானுக்குத்தான் பணியும்.

எஸ்3 உறக்கத்தில் ஒரு மடிகணினி அரை வாட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். 50 வாட்-மணி பெட்டரியில் அது 100 மணி நேரம், அதாவது நான்கு நாட்களுக்கு மேல், தாங்கும். கேட்டுக்கொண்டிருப்பதற்கான செலவும் இந்தச் சிறிய தொகைக்குள்தான் அடங்க வேண்டும்.

காவல் இருப்பவர்கள்

நோன்பு மாதத்தில், ஸஹர் நேரத்துக்கு ஆட்களை எழுப்பப் பாவாமார் றபான் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் வழக்கம் இந்தக் கரையோர ஊர்களில் உண்டு. பாவா விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் ஊர் கண்ணயர்கிறது. அவரும் உறங்கிப்போனால் ஊரே ஸஹர் சாப்பிடாமல் நோன்பு பிடிக்க வேண்டியதுதான். கணினிக்குள்ளும் முழு உறக்கம் என்று ஒன்று இல்லை. யாராவது விழித்திருக்க வேண்டும். ஆனால் வயரில்லா விசைப்பலகைக்கு ஒரு காவலர் போதாது. விசைக்கும் செயலிக்கும் நடுவில் வரிசையாகப் பலர் நிற்கிறார்கள். ஒருவர் தூங்கினாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

முதல் காவலர் விசைப்பலகைக்குள்ளேயே இருக்கிறார். விசைகளுக்கு அடியில் கிடையாகவும் நெடுக்காகவும் கம்பிக் கோடுகள் வலைபோல் ஓடுகின்றன. விசையை அமுக்கினால் ஒரு கிடைக்கோடும் ஒரு நெடுங்கோடும் தொட்டுக்கொள்ளும். வேலை நேரத்தில் உள்ளே இருக்கும் சிறு சில்லு இந்தக் கோடுகளைச் செக்கனுக்குப் பல நூறு தடவை வருடிப் பார்க்கிறது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அதுவும் உறங்கிவிடும். உறங்கும்போது, ஏதாவது ஒரு கோட்டில் மின்னழுத்தம் மாறினால் எழுந்துகொள்ளும்படி தன்னை வைத்துக்கொள்ளும். இதற்கு ஏறத்தாழ மின்சாரமே செலவாவதில்லை.

எழுந்த சில்லு உடனே செய்தி அனுப்பிவிடுவதில்லை. இரண்டு தொடுமுனைகள் மோதும்போது ஒட்டிக்கொள்வதற்கு முன் சில தடவை துள்ளும். ஒரே அமுக்கல் நாலைந்து அமுக்கல்களாகத் தெரியும். அதனால் சில மில்லி செக்கன் பொறுத்து, தொடுகை நிலைத்துவிட்டதா என்று பார்த்த பிறகே வானொலிப் பகுதியை எழுப்புகிறது. வந்த சமிக்ஞை மெய்யா பொய்யா என்று ஒரு கணம் நிதானித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் பின்னால் மறுபடி வரும்.

கேட்பதற்கு ஆகும் செலவு

வயரில்லா விசைப்பலகைகள் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் நெரிசலாகக் குடியிருக்கும் பகுதி அது. இந்த வேலைக்குப் பேர்போன சில்லுகளில் ஒன்று, நோர்வேயின் நோர்டிக் செமிகண்டக்டர் நிறுவனம் செய்த என்ஆர்எஃப்24எல்01+. அதன் தரவுத்தாளில் மூன்று எண்களைப் பாருங்கள். முழு வலுவில் பேசும்போது 11.3 மில்லி அம்பியர். உச்ச வேகத்தில் கேட்கும்போது 13.5 மில்லி அம்பியர். அணைந்து கிடக்கும்போது 0.0009 மில்லி அம்பியர்.

பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு கூட! சத்தம் போடுவதற்குத்தான் சக்தி அதிகம் வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் இரண்டு மூன்று மீற்றர் தூரத்துக்குப் பேசச் சிறு வலுவே போதும். கேட்பவரோ எங்கிருந்தோ வரும் நலிந்த அலையைப் பல மடங்கு பெருக்கி, இரைச்சலிலிருந்து பிரித்து, பொருள் காண வேண்டும். அதைவிட முக்கியமானது நேரம். பேசுபவருக்கு எப்போது பேசப்போகிறோம் என்று தெரியும். ஒரு மில்லி செக்கனுக்குள் சொல்லிவிட்டு அணைந்துவிடலாம். கேட்பவருக்கு அது தெரியாது.

விசைப்பலகை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரு ஏஏ பெட்டரியின் கொள்ளளவு சுமார் 2,500 மில்லி அம்பியர்-மணி. அதை 13.5ஆல் வகுத்தால் 185 மணி நேரம் வரும். எட்டு நாட்கூட இல்லை. ஆனால் மேசை மேல் இருக்கும் விசைப்பலகை மாதக்கணக்கில் ஓடுகிறது. அது பேசுகிறது, பதில் வந்ததா என்று கொஞ்ச நேரம் பார்க்கிறது, அணைந்துவிடுகிறது. கேட்கும் பாரம் முழுவதும் எதிர்ப் பக்கத்தில், யூஎஸ்பி துளையில் செருகியிருக்கும் நகமளவு வாங்கியின் மேல் விழுகிறது.

அந்த வாங்கிக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. யூஎஸ்பி விதிப்படி, கம்பியில் 3 மில்லி செக்கன் எந்த அசைவும் இல்லாவிட்டால் சாதனம் இடைநிறுத்த நிலைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் அது எடுத்துக்கொள்ளக்கூடிய சராசரி மின்னோட்டம் 2.5 மில்லி அம்பியர் மட்டுமே. கேட்பதற்கோ 13.5 வேண்டும். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத வருமானத்தில் குடும்பம் நடத்த ஒரே வழி, விட்டு விட்டுக் கேட்பது. நேரத்தில் பத்திலொரு பங்கு மட்டும் காதைத் திறந்தால் சராசரி 1.35க்கு இறங்கிவிடும், மிச்சம் வாங்கியின் மற்றச் சில்லுக்குப் போதும்.

இதன் விளைவை நாம் அன்றாடம் அனுபவிக்கிறோம். விசைப்பலகை பேசும் கணத்தில் வாங்கியின் காது மூடியிருக்கலாம். பதில் வராத விசைப்பலகை அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். காது திறக்கும் கணத்தில் ஒன்று போய்ச் சேரும். அதனால், எழுப்பும்போது ஒரு விசையை அமுக்கி ஒரு செக்கன் பிடித்திருப்பது, மின்னல் வேகத்தில் தட்டிவிட்டுக் கையை எடுப்பதைவிட நல்லது. எழுப்புவதற்காக அமுக்கிய எழுத்து திரையில் விழாமல் போவதும் இயல்பே. அது கதவைத் தட்டியதோடு செலவழிந்துவிட்டது.

முன்கூட்டிய அனுமதி

வாங்கி செய்தியைக் கேட்டுவிட்டது. அது செயலியிடம் எப்படிச் சொல்வது? யூஎஸ்பியில் வழக்கமாகச் சாதனம் தானாகப் பேச முடியாது. கணினி கேட்டால்தான் பதில் சொல்லும். இந்த ஒழுங்குக்கு ஒரே ஒரு விலக்கு இருக்கிறது: தொலை விழிப்பு. இடைநிறுத்தத்தில் இருக்கும் சாதனம் யூஎஸ்பியின் இரண்டு தரவுக் கம்பிகளின் மின்னழுத்த நிலையை 1 முதல் 15 மில்லி செக்கன் வரை தலைகீழாக்கிப் பிடிக்கும். அதில் எந்த எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. 'எழும்பு' என்பது மட்டுமே செய்தி. தாய்ப்பலகையில் எப்போதும் மின்சாரம் பாயும் ஒரு மூலையில் இருக்கும் யூஎஸ்பி கட்டுப்படுத்தி அதைப் பார்த்து, தானும் அதே நிலையை 20 மில்லி செக்கனாவது பிடித்து ஒப்புக்கொண்டு, மின்வழங்கலை எழுப்பும். செயலி உயிர் பெறும். தான் உறங்கியிருந்ததே அதற்குத் தெரியாது. புதிதாகப் பிறந்ததுபோல் பயாஸிலிருந்து தொடங்கும். பயாஸ், உறங்கும் முன் இயங்குதளம் எழுதிவைத்த முகவரியைப் பார்த்து, விட்ட இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்த விலக்கைப் பயன்படுத்த இரண்டு நிபந்தனைகள் உண்டு. தன்னால் எழுப்ப முடியும் என்று சாதனம் செருகப்பட்ட நேரத்திலேயே அறிவித்திருக்க வேண்டும். உறங்கப்போகும் முன் இயங்குதளம் 'சரி, நீ எழுப்பலாம்' என்று அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அனுமதி இல்லாத வாங்கி எல்லாவற்றையும் கேட்டாலும் வாய் திறக்காது. விசையை அமுக்கும் நேரத்தில் நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. கணினி உறங்கும் முன்னரே வழக்கு தீர்க்கப்பட்டுவிட்டது.

அந்த அனுமதி விண்டோஸில் இருக்கும் இடம் டிவைஸ் மேனேஜர். அதில் விசைப்பலகைகளின் பட்டியலைத் திறந்து, உரிய பெயரின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போனால், இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம் என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு மூன்று விசைப்பலகைகள் தெரியலாம். மடிகணினியின் சொந்த விசைப்பலகை ஒன்று, வாங்கி தன்னை விசைப்பலகையாக அறிவித்துக்கொண்டது இன்னொன்று. முதலாவதில் சரி அடையாளம் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது வெகு சாதாரணம். பயாஸிலும் யூஎஸ்பி விழிப்புக்கென்று தனி அனுமதி இருக்கக்கூடும். மேலே கொடுத்து கீழே கொடுக்காவிட்டால் பயனில்லை.

சங்கிலி அறும் இடங்கள்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்த மாதங்களில் மடிகணினிகள் உறங்கிய நேரமே அதிகம். கரண்ட் போனால் உறக்கத்தின் விதியும் மாறிவிடுகிறது. பெட்டரியில் மட்டும் உயிர் பிடித்திருக்கும்போது யூஎஸ்பி துளைகளுக்கான மின்சாரத்தை நிறுத்திவிடும் மடிகணினிகள் பல உண்டு. டெல் மடிகணினிகளின் பயாஸில், மின் அடாப்டர் செருகியிருந்தால்தான் யூஎஸ்பி விழிப்பு வேலை செய்யும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். சார்ஜர் இருக்கும்போது எழுந்த கணினி மின்வெட்டில் எழவில்லை என்றால் அது கோளாறே இல்லை. வாங்கிக்கு அப்போது சாப்பாடு இல்லை.

அடுத்தது மூடி. மடிகணினியின் மூடியில் ஒரு சிறு காந்தமும் உடலில் ஒரு ஹால் உணரியும் இருக்கின்றன. மின்னோட்டம் பாயும் கடத்தியைக் காந்தப்புலம் குறுக்கிட்டால் பக்கவாட்டில் ஒரு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹால் 1879இல் கண்டதுதான் இதன் அடிப்படை. மூடியிருக்கிறது என்று இந்த உணரி சொல்லும்வரை, பைக்குள் இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு யூஎஸ்பி அழைப்பைத் தள்ளிவிடும் கணினிகள் இருக்கின்றன. கடை மேசையில் மூடியைக் கவிழ்த்து வைத்து வேலை வாங்குபவர்கள் முதலில் மூடியைத் திறந்துவைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது புளூடூத். வாங்கி இல்லாத புளூடூத் விசைப்பலகை, கணினியின் உள்ளேயே இருக்கும் புளூடூத் சில்லோடு பேசுகிறது. எஸ்3 உறக்கத்தில் பல மடிகணினிகள் அந்தச் சில்லையே அணைத்துவிடும். உறங்கி எழுந்த விசைப்பலகை மூன்று அறிவிப்புத் தடங்களில் 'நான் வந்துவிட்டேன்' என்று கூவிப் பார்க்கும். கேட்க ஆள் இருக்காது. இதற்கு விசைப்பலகையில் மருந்தில்லை. கணினியை எழுப்பத்தான் வேண்டும் என்றால் தனி வாங்கியோடு வரும் விசைப்பலகையை வாங்குவது நல்லது.

வாங்கியைச் செருகும் இடமும் கணக்கில் வரும். யூஎஸ்பி 3 இணைப்புகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கொட்டுகின்றன என்று இன்டெல் 2012இல் ஓர் அறிக்கையில் காட்டியது. வெளி வட்டு ஒன்றுக்கு ஒட்டினாற்போல் செருகிய வாங்கியை ஒரு சிறு நீட்டிப்பு வயரில் தள்ளிவைத்தாலே நிலைமை திருந்துவதுண்டு.

தவறான விழிப்பு, தவறிய விழிப்பு

இவ்வளவு தடைகள் ஏன்? எல்லாக் காதுகளையும் திறந்துவைத்து, எதைத் தொட்டாலும் எழும்படி செய்துவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்து, விண்டோஸ் 10இல் மொடர்ன் ஸ்டாண்ட்பை என்ற பெயரில் பரவிய முறையில், கணினி கைபேசியைப் போல அரை விழிப்பிலேயே கிடக்கும். மின்னஞ்சலும் வந்து சேரும், தொட்டவுடன் எழும். கூடவே, பையில் வைத்த மடிகணினி வழியில் தானாக எழுந்து, சூடேறி, பெட்டரியைக் குடித்துத் தீர்க்கும் முறைப்பாடுகளும் வந்தன. சுட்டிக்கு எழுப்பும் அனுமதி கொடுத்தவர்களுக்கும் இது தெரியும்: பக்கத்தில் யாரோ மேசையைத் தட்டினால் போதும், இராத்திரியில் திரை எரியத் தொடங்கிவிடும்.

ஆக, உறங்கும் கருவி எதுவானாலும் இரண்டு பிழைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. தேவையில்லாமல் எழுவது ஒன்று. தேவைப்படும்போது எழாமல் விடுவது மற்றது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தப் பிழை மலிவானது என்பதைப் பார்த்துத்தான் எல்லையைக் குறிக்க வேண்டும்.

இதே கணக்கு, இந்தக் கரைக்கு எதிரே ஆழ்கடலில் வேறு அளவில் போடப்படுகிறது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நில அதிர்வு ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து அலை கிழக்குக் கரையில் ஏறியது. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கண்ட அழிவை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அந்த இரண்டு மணி நேரமும் இந்து சமுத்திரத்தில் ஆழ்கடல் சுனாமி உணரி ஒன்றுகூட இருக்கவில்லை. டார்ட் எனப்படும் அந்த வகைக் கருவி இந்தச் சமுத்திரத்தில் முதன்முதலாக இறக்கப்பட்டது 2006 டிசம்பரில், அமெரிக்காவும் தாய்லாந்தும் சேர்ந்து எடுத்த முயற்சியில். 2007 ஒக்டோபரில் ஹைதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை நிலையம் தொடங்கியது.

டார்ட் கருவியின் வடிவமைப்பைப் பார்த்தால் நம் விசைப்பலகை நினைவுக்கு வரும். கடலடியில் பெட்டரியில் ஓடும் ஓர் அழுத்த உணரி 15 செக்கனுக்கு ஒரு தடவை தனக்கு மேலுள்ள நீரின் உயரத்தை அளக்கிறது. மேலே மிதக்கும் மிதவையோடு ஒலியலையில் பேசுவதும், மிதவை செயற்கைக்கோளோடு பேசுவதும் செலவு கூடிய வேலைகள் என்பதால், சாதாரண நாட்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் சுருக்கமாகத் தகவல் அனுப்பும். அளந்த உயரம், வற்றுப்பெருக்கை வைத்து முன்கூட்டிக் கணித்த உயரத்திலிருந்து விலகினால் கருவி விழித்துக்கொண்டு இடைவிடாமல் அனுப்பத் தொடங்கும். வட பசிபிக்கில் அந்த எல்லை 3 சென்ரிமீற்றர். ஒரே ஒரு அளவு விலகினால் போதாது. அடுத்தடுத்து இரண்டு அளவுகள் விலக வேண்டும். விசைத் துள்ளலைப் பொறுத்துப் பார்த்த அதே நிதானம். கரையில் இருப்பவர்கள் தாங்களே அழைத்து எழுப்பும் வழியும் பின்னாளைய டார்ட் கருவிகளில் உண்டு.

2004இல் நில அதிர்வுக்குச் சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த அலையின் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். 3 சென்ரிமீற்றருக்கு எழும் கருவி அதைத் தவறவிட்டிருக்காது. ஆனால் கருவி எழுவதோடு வேலை முடியாது. மிதவை, செயற்கைக்கோள், எச்சரிக்கை நிலையம், கொழும்பிலுள்ள அனர்த்த முகாமைத்துவ நிலையம், கரையோரத்து எச்சரிக்கைக் கோபுரம், பள்ளிவாசல் ஒலிபெருக்கி என்று விசைப்பலகைச் சங்கிலியைவிட நீளமான சங்கிலி அது. ஒரு கண்ணி உறங்கினாலும் செய்தி நின்றுவிடும் என்ற விதி இங்கும் மாறவில்லை.

2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நில அதிர்வு ஏற்பட்டபோது இலங்கைக் கரைகளில் எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கரையோர மக்கள் உள்நிலப் பக்கம் நகர்ந்தார்கள். கடற்படுகை மேலும் கீழுமாக எழாமல் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை. அன்று வீணாய்ப் போனது அரை நாள் உழைப்பும் பலருடைய நிம்மதியும்.

கடை மேசையில் தவறான விழிப்பின் விலை கொஞ்சம் பெட்டரி. தவறிய விழிப்பின் விலை, கடதாசிக் கட்டை ஒருமுறை இறக்கி வைப்பது. இரண்டும் மலிவென்பதால் விசைப்பலகைக்கு அனுமதி கொடுத்து, சுட்டியிடமிருந்து அதைப் பறித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கடலில் இரண்டு பிழைகளின் விலையும் சமமாக இல்லை. அதனால்தான் அங்கே எல்லையை 3 சென்ரிமீற்றர் என்று அவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார்கள். அலை வராத எச்சரிக்கைக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நடந்தாக வேண்டும். தாழ்ந்த எல்லையை வேண்டும் என்று கேட்கும் ஊர் அந்தச் செலவையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது.